மலைக்கு பாஸ் உண்டு

தமிழக–கேரள எல்லையில் களியக்காவிளை சோதனைச்சாவடிக்கென்று தனியாக ஓர் இயற்கை விதி இருக்கிறது. மலை அந்தப்பக்கம் போகலாம். குப்பை இந்தப்பக்கம் வரலாம். தண்ணீர் மட்டும் எல்லைக்கோட்டைத் தாண்டக்கூடாது. மற்ற ஊர்களில் பள்ளம் பார்த்துப் பாய்வது தண்ணீரின் குணம். எங்கள் எல்லையில் பள்ளம் எது, மேடு எது என்பதை இரண்டு மாநில அரசுகள் கோப்பில் எழுதி முடிவுசெய்கின்றன.

மார்த்தாண்டத்துக்காரனுக்கு இதை யாரும் வகுப்பெடுத்துச் சொல்லவேண்டாம். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஏதாவது ஒரு சாயாக்கடை வாசலில் நின்றால் போதும். டாரஸ் லாரிகள் வரும். ஒன்றன்பின் ஒன்றாக, தார்ப்பாய் போர்த்தி, கல்யாண ஊர்வலம்போல அடக்க ஒடுக்கமாக வரும். தார்ப்பாய்க்கு அடியில் இருப்பது கல்லா, ஜல்லியா, எம்-சாண்டா என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: பாஸ் இருக்கிறது. பாஸில் எழுதியிருக்கிற எடைக்கும் டயர் படுகிற பாட்டுக்கும் சம்பந்தம் தேடுகிறவன் அரசாங்கத்தின்மேல் நம்பிக்கையில்லாதவன். இரண்டரை கிலோமீட்டர் நீளத்துக்கு இரும்பில் எழுப்பிய எங்கள் மேம்பாலத்தில் 2024 மே மாதம் ஓட்டை விழுந்தது. அதைப் பார்க்க அதிகாரிகள் வந்தார்கள், தலைவர்கள் வந்தார்கள், கைப்பேசியோடு பாதி ஊர் வந்தது. லாரிகள் மட்டும் நின்று பார்க்கவில்லை. அவற்றுக்கு நேரமாகிவிட்டது.

கேரளத்தின் விழிஞ்ஞத்தில் துறைமுக வேலை 2015 டிசம்பரில் தொடங்கியது. கடலுக்குள் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டருக்கு அலைத்தடுப்புச் சுவர். அதற்கு லட்சக்கணக்கான டன் பாறை வேண்டும். கேரளக் குவாரிகளிலிருந்தும் போனது, போதவில்லை. இருக்கவே இருக்கிறது குமரி மாவட்டம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்து, பாதி கட்டியிருந்த சுவரில் ஒரு பகுதியைக் கொண்டுபோனது. அப்படியானால் இன்னொரு தடவை மலை வேண்டும். 2025 மே 2ஆம் தேதி பிரதமர் அந்தத் துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். மேடையில் முதலமைச்சர் இருந்தார், முதலாளி இருந்தார். கடலுக்குள் கிடந்த எங்கள் மலைக்கு அழைப்பிதழ் போகவில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையைப் பற்றி மாதவ் காட்கில் குழு 2011இல் அறிக்கை கொடுத்தது. எந்த இடத்தைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதை ஊராட்சிகளிலும் கிராமசபைகளிலும் உட்கார்ந்து மக்களோடு பேசி முடிவுசெய்யுங்கள் என்பது அதன் சாரம். கேரளத்தில் அந்த அறிக்கையை எதிர்த்துக் கடையடைத்தார்கள். 2018 வெள்ளத்துக்குப் பிறகு அதே அறிக்கையைத் தூக்கிப்பிடித்து மேடை போட்டார்கள். தமிழ்நாட்டில் இரண்டும் நடக்கவில்லை. எதிர்க்கவும் யாரும் மெனக்கெடவில்லை, படிக்கவும் மெனக்கெடவில்லை. பச்சையாகச் சொன்னால், கேரளத்துக்காரன் அறிக்கையோடு சண்டையாவது போட்டான். நாம் அதன்மேல் லோடு ஏற்றினோம்.

தமிழக அரசு காட்டைக் காக்கவேயில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். காத்தது. சரணாலயங்கள், காப்புக்காடுகள் ஆகியவற்றின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்று 2021 நவம்பரில் விதி வந்தது. 2022 டிசம்பரில் அந்த விதியிலிருந்து காப்புக்காடு என்ற சொல்லை மட்டும் பக்குவமாக உருவி எடுத்தார்கள். இடையில் பதின்மூன்று மாதம். ஒரு மரக்கன்று வேர்பிடிக்கப் போதுமான காலம்தான். அந்தச் சமயத்தில்தான் மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்த ஓர் இயக்கமும் தொடங்கப்பட்டது. ஒரு துறை கன்று நடுகிறது. இன்னொரு துறை, கன்று நட்ட மலையை ஏலம் விடுகிறது. இரண்டுக்கும் நடுவே ஒருங்கிணைப்புக் கூட்டம் நடக்கிறது, அதில் முந்திரிப்பருப்பு வைக்கிறார்கள்.

மலை போன லாரி வெறுமையாகத் திரும்பினால் டீசல் நட்டமல்லவா? குப்பை வருகிறது. கோழிக்கழிவு, மீன்கழிவு, ஓட்டல் எச்சில், ஆஸ்பத்திரிப் பஞ்சு. களியக்காவிளையில் ஒரு வண்டியைப் பிடித்தால் பனச்சமூடு வழியாக இரண்டு வண்டி வரும். பிடித்த வண்டிக்கு அபராதம் போடுவார்கள்; அபராதம் கட்டிவிட்டு வண்டி மறுபடி வரும். 2024 டிசம்பரில் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தின் கழிவு நெல்லைப் பக்கம் நடுக்கல்லூர், கொடகநல்லூர் வட்டாரத்தில் கொட்டிக் கிடந்தது. நோயாளிகளின் பெயர் எழுதிய காகிதங்கள்கூட அதில் இருந்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதட்டிய பிறகு கேரள அதிகாரிகள் லாரிகளோடு வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். அன்றைக்குத்தான் தெரிந்தது, குப்பைக்குத் திரும்பிப்போகவும் வழி தெரியும் என்பது. அதுவரை அது ஒருவழிப் பாதை என்றல்லவா நம்ப வைத்திருந்தார்கள்.

ஒன்றை மறைக்கக்கூடாது. எல்லை தாண்டி வருகிற குப்பை வானத்திலிருந்து விழுவதில்லை. இந்தப்பக்கம் அதை வாங்கி இறக்க ஓர் ஆள் இருக்கிறான். அவனுக்குப் பன்றிப்பண்ணை இருக்கிறது அல்லது ரோட்டோரம் ஆளில்லாத விளை இருக்கிறது. அவன் தமிழன்தான். மொழிப்பற்றும் உண்டு, கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்காருவான்.

இனி தண்ணீர்.

அகத்தியமலையிலிருந்து இறங்குகிற நெய்யாற்றில் அணை கட்டியபோது, அதன் இடதுகரை சானல் விளவங்கோடு தாலுகாவுக்கும் பாயவேண்டும் என்பது ஏற்பாடு. ஏற்பாடு செய்த காலத்தில் விளவங்கோடு திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அதற்காகத் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டவர்கள் உண்டு. அந்தச் சேர்க்கையை நான் குறை சொல்ல வரவில்லை. மொழி சேர்ந்தது சரி. கோடு கிழித்தவர்கள் மலையின் சரிவைப் பார்க்கவில்லை, சானலின் போக்கைப் பார்க்கவில்லை, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எந்த மொழியில் வாய்ப்பாடு சொல்கின்றன என்று மட்டும் பார்த்தார்கள்.

அப்படியும் பல வருடம் ஒப்பேறியது. கோட்டுக்குப் பிறகும் தண்ணீர் வந்தது. விளவங்கோட்டில் 9,200 ஏக்கருக்கு நெய்யாறு பாசனக் கணக்கு உண்டு. 2004இல் கேரளம் ஷட்டரை இறக்கியது. நெய்யாறு மாநிலங்களுக்கு இடையே ஓடும் ஆறே இல்லை என்றது. 2012இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. ஏலாக்களில் அன்றைக்கு நெல் போட்டவன் இன்று வாழை போடுகிறான். வாழைக்கும் தண்ணீர் எட்டாதவன் ரப்பர் வைத்துவிட்டான். அவன் மகன் அந்த ரப்பரையும் வெட்டிவிட்டு பிளாட் போட ஆள் பார்க்கிறான். சானல் இன்னும் இருக்கிறது. குப்பை போட வசதியாக இருக்கிறது.

"மலைக்கு பாஸ் இருக்கு, தண்ணிக்கு இல்லியாடே மக்கா?" என்று சாயாக்கடைப் பெரியவர் கேட்கிற கேள்விக்கு ஒரு வழி தோன்றுகிறது. நெய்யாற்றுத் தண்ணீரைச் சிறுகனிமமாக அறிவித்துவிடலாம். கனிமம் என்று ஆகிவிட்டால் எந்த மாநில எல்லையும் அதற்குத் தடையில்லை, எந்த வழக்கும் ஒன்றும் செய்யாது. குத்தகைக்காரர் கிடைப்பார், பாஸ் கிடைக்கும், ராத்திரியோடு ராத்திரியாகத் தார்ப்பாய் போட்டு விளவங்கோடு வந்துசேரும். போலீசுகூட வழிவிட்டு நிற்கும். உச்ச நீதிமன்றத்தில் வாதாடுகிற வழக்கறிஞர்கள் கனிமத்துறை ஓட்டுநர் ஒருவரிடம் யோசனை கேட்டிருந்தால் இத்தனை வருடம் ஆகியிருக்காது.

இந்த நிலைமையில்தான், ஆற்றுப்படுகை வாரியாக மக்கள் ஒன்றுகூடவேண்டும், மலை முதல் கடல் வரை ஒரே உயிர்ப்பரப்பாக நினைத்து நிலத்தை மீட்கவேண்டும் என்று நமக்கு உபதேசம் வருகிறது. உபதேசம் குளிர்பதன அறையிலிருந்து வருகிறது. திரையில் வண்ணப்படம் ஓடுகிறது: நடுவில் ஒரு வட்டம், அதில் 'சமூகம்', சுற்றிலும் அம்புக்குறிகள். கோதையாறு எங்கே பிறக்கிறது, மூவாற்றுமுகத்தில் பரளியாறோடு சேர்ந்து, குழித்துறை வழியாகத் தேங்காப்பட்டணத்தில் எப்படிக் கடல் சேர்கிறது என்பது அந்த வட்டத்தில் உள்ள சமூகத்துக்குக் கேட்காமலே தெரியும். ஆடி அமாவாசைக்குக் குழித்துறையில் அதே ஆற்றங்கரையில் பலி போட்டுவிட்டு, வாவுபலிப் பொருட்காட்சியில் பலாக்கன்றும் நல்லமிளகுக் கொடியும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற கூட்டம் அது. ஒரு சீசனில் அந்தப் பொருட்காட்சியில் விலைபோகிற கன்றுகளுக்கு யாரும் திட்ட அறிக்கை எழுதியதில்லை. யாரும் கன்றைப் பிடித்துக்கொண்டு படமெடுத்ததுமில்லை. அதனாலேயே அவை பிழைத்துக்கொள்கின்றனவோ என்னவோ.

மக்களே முன்னின்று நிலத்தை மீட்பது எப்படியிருக்கும் என்று கேட்டால், உபதேசகரே, தொடுவெட்டிச் சந்தைக்கு வாரும். மார்த்தாண்டத்தின் பழைய பெயர் அது. 1920களில் டி. ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் இங்கே கிராமப் புனரமைப்பு மையம் நடத்தினார். அவருடைய நோக்கத்தில் மதமும் இருந்தது. மையத்தின் திட்டம் ஐந்து அங்கம் கொண்டது, ஆன்மீகம் அதில் ஒன்று. ஆனால் ஒரு விஷயத்தில் அவர் இன்றைய திட்ட அதிகாரிகளைவிடப் புத்திசாலி. ஏழைக்குத் தானம் கொடுக்காமல், அவன் கையில் ஏற்கெனவே இருப்பதை எடுத்துக்கொண்டார். பனை இருந்தது, கோழி இருந்தது, மரப்பொந்தில் தேனீ இருந்தது. பொந்துத் தேனீயைப் பெட்டிக்குள் குடிவைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். கூட்டைப் பிழிந்து நாசம் செய்யாமல் அடையைச் சுழற்றித் தேன் எடுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். முட்டைக்கும் தேனுக்கும் கூட்டுறவு விற்பனை வந்தது. தன் அனுபவத்தை அவர் புத்தகமாக எழுதி 1932இல் வெளியிட்டார். பிற ஊர்க்காரர்கள் படிக்க மார்த்தாண்டம் வந்தார்கள்.

அது வெள்ளைக்காரர் கொடுத்த வரம் என்று நினைத்துவிடவேண்டாம். அவர் கப்பலேறிப் பல பத்தாண்டுகள் கழித்து, 1991–92இல் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியா முழுக்க இந்தியத் தேனீக் கூட்டங்களை வாரிக்கொண்டு போனது. புழுப்பருவத்திலேயே செத்து, பெட்டி பெட்டியாகக் காலியானது. அன்றைக்கு விளவங்கோட்டில் தேன்பெட்டி வைத்திருந்தவன் யார்? மூன்று சென்ட் வீடு, யாரோ ஒருவருடைய ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டு வேலை. தப்பிப்பிழைத்த கூட்டங்களைத் தேடிப்பிடித்து, காட்டிலிருந்து மறுபடி கொண்டுவந்து, பிரித்துப் பிரித்துப் பெருக்கினார்கள். நோயைத் தாங்குகிற கூட்டம் எது, தாங்காதது எது என்று அவரவர் விளையில் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது அந்தக் கைகள்தான். ஒரு பூச்சியினத்தை ஒரு வட்டாரமே சேர்ந்து மறுபடி நிமிர்த்தியது. நிலமில்லாதவனும் செய்யக்கூடிய விவசாயம் அது. தேனீ பட்டா கேட்பதில்லை.

2023இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. இங்கே எடுக்கிற தேனில் பெரும்பகுதி ரப்பர் மரத்தினுடையது. தை, மாசியில் இலை உதிர்ந்து புதுத்தளிர் விடும்போது, இலைக்காம்பு முனையில் ஊறுகிற இனிப்பைத்தான் தேனீ எடுத்துவருகிறது. பூவில்லாத தேன். காட்டை அழித்து வந்த ரப்பர், வயலை விழுங்கிய ரப்பர். அதிலிருந்தும் ஏதோ ஒன்றைக் கறந்து பிழைக்கக் கற்றுக்கொண்டது எங்கள் தேனீயும் அதை வளர்த்தவனும். அந்த ரப்பரும் போய் பிளாட் வந்துவிட்டால் காங்கிரீட்டின் காம்பில் என்ன ஊறும் என்று தேனீக்கு யாராவது சொல்லித்தாருங்கள்.

இப்படிப்பட்டவர்களிடம்தான் அரசாங்கம் வந்து 'மக்கள் பங்கேற்பு' கேட்கிறது. எப்போது கேட்கிறது, எதற்குக் கேட்கிறது என்பதைக் கவனிக்கவேண்டும்.

குடிமராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்க்குளத்தை ஊரே தூர்வாரி, மடை பார்த்து, மறுகால் கட்டி வைத்துக்கொண்ட பழைய முறை. வெள்ளைக்காரன் வந்து குளத்தின் அதிகாரத்தைத் தன் துறைக்கு எடுத்துக்கொண்டான். உழைப்பு மட்டும் வேண்டுமென்று 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டான். திருவிதாங்கூரில் இருந்ததால் அந்தச் சட்டத்திலிருந்து தப்பிய நமக்கு, அதே மனசோடு சொந்த அரசாங்கம் 2017இல் வந்தது. 100 கோடி ரூபாய், 1,519 பணிகள், விவசாயிகள் தங்கள் பங்காகப் பத்து விழுக்காடு தரவேண்டும், உழைப்பாகவும் தரலாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. உடனே ஆயக்கட்டுதாரர் சங்கங்கள் மழைக்காளான்போல முளைத்தன. தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்றுபேரும் ஒரே பானையில் சோறு தின்கிற சங்கங்களும் அவற்றில் உண்டு. வண்டல் எடுக்க வந்த பொக்லைன் வண்டலோடு நின்றுவிடுமா? குளத்தடி மண் செங்கல் சூளைக்கும் ரோட்டுக்கும் போனது. மண் போன இடத்தில் குழி இருந்தது. ஆழப்படுத்திவிட்டோம் என்று கணக்கெழுதினார்கள். இரண்டாயிரத்துக்கும் மேல் குளங்கள் இருந்த மாவட்டம் இது. சில குளத்தின்மேல் பேருந்து நிலையம் நிற்கிறது, சில குளத்தை நான்குவழிச்சாலை குறுக்கே தாண்டுகிறது. மிச்சமிருப்பதில் ஆகாயத்தாமரை. மக்கள் பங்கேற்பு என்றால் மண்வெட்டி பிடிப்பது. குளத்தை நிரப்பி ரோடு போடலாமா என்று முடிவெடுக்கிற மேசைக்கு மண்வெட்டிக்காரனைக் கூப்பிட்டதாகத் தகவல் இல்லை.

மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பாருங்கள். காமராசர் காலத்துத் திட்டம், 1966இல் முடிந்தது. 115 அடி உயரத்தில், 1,240 அடி நீளத்துக்கு, ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் பட்டணங்கால் சானல் தண்ணீரைத் தோளில் தூக்கிக்கொண்டு பரளியாற்றைத் தாண்டுகிறது. விளவங்கோட்டின் வறண்ட மேடுகளுக்குத் தண்ணீர் தருவதற்காக ஓர் அரசாங்கம் அவ்வளவு மெனக்கெட்டிருக்கிறது. இன்று அது சுற்றுலாத் தலம். வருகிறவர்கள் மேலே நடந்து படமெடுத்துவிட்டு அன்னாசிப்பழம் தின்கிறார்கள். கடைமடைக்காரன் மனு எழுதுகிறான். ஒரு காலத்தில் கடைமடைக்குத் தண்ணீர் எட்ட ஓர் என்ஜினியரைக் கேட்டார்கள். இப்போது மனுநீதி நாளில் டோக்கன் எண் கேட்கிறார்கள்.

மண்வெட்டி பிடிக்கச் சொன்னபோது பங்கேற்ற அதே ஜனம் கேட்காமலும் பங்கேற்றிருக்கிறது. அப்போதெல்லாம் அரசாங்கத்துக்குப் பிடிக்கவில்லை. ஒக்கியில் கடலுக்குப் போனவர்கள் திரும்பாமல், தேடக் கப்பலும் வராமல் இருந்தபோது, 2017 டிசம்பர் 7ஆம் தேதி தூத்தூர் பக்கத்துக் கடற்கரை ஊர்கள் நடந்தே வந்து குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தன. ஆணும் பெண்ணும், கைக்குழந்தைகளும். எத்தனைபேர் கடலில் இருக்கிறார்கள் என்ற கணக்கு அரசிடம் இல்லை, அந்தப் பெண்களிடம் இருந்தது. பெயர் பெயராக, படகு படகாக. அதற்கு முன்னால் 2016இல் இனயத்தில் சரக்குப் பெட்டக மாற்றுமுனையம் என்று மத்திய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்தது. விழிஞ்ஞத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இன்னொரு துறைமுகம். அதற்கும் இன்னொரு மலை. ஊர்கள் எதிர்த்தன. இடத்தைக் கோவளம்–மணக்குடிக்கு மாற்றிப் பார்த்தார்கள், அங்கேயும் எதிர்த்தார்கள். கடைசியில் துறைமுகமே கரைந்துபோனது. சாதி, மதம், கட்சி என்று ஆயிரம் கூறாகக் கிடக்கிற இந்த மாவட்டத்தில் அப்படி ஓர் ஒற்றுமை சும்மா வரவில்லை. ஒற்றுமை வர வேண்டிய அளவுக்கு அடித்தார்கள்.

பிறகு மணல். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து ஐரோப்பா போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டார். அன்றிலிருந்து எங்கள் கடற்கரைக்குத் தூக்கமில்லை. மணவாளக்குறிச்சியில் ஆலை வந்தது. இந்திய அருமணல் ஆலை என்று இப்போது பெயர். கடலோரம் போதாமல், கிள்ளியூர் தாலுகாவில் மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு என்று ஊர்களுக்குள்ளேயே 1,144 ஹெக்டேரில் அணுக்கனிம மணல் எடுக்க விண்ணப்பம் போனது. தென்னந்தோப்பும் வீடும் கோயிலும் சர்ச்சும் பள்ளியும் இருக்கிற மண். 2024 அக்டோபர் 1ஆம் தேதி பத்மநாபபுரத்தில் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் என்று அறிவித்தார்கள். ஊர் ஊராகத் திரண்டார்கள். கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது.

ஒரு நாகரிகமான அரசு இந்த இடத்தில் என்ன செய்யும்? கூட்டத்தில் என்ன சொல்ல வருகிறார்கள் என்று கேட்கும் என்பான் அப்பாவி. 2025 செப்டம்பர் 8ஆம் தேதி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அலுவலகக் குறிப்பாணை போட்டது: அணுக்கனிமம், அரியவகை, கேந்திர முக்கியத்துவமுள்ள கனிமங்கள் ஆகியவற்றின் சுரங்கத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பே வேண்டாம். நாட்டின் பாதுகாப்பு. பிரச்சினை தீர்ந்தது. நோயாளி கத்துகிறான் என்று புகார் வந்தால் வாயைத் தைப்பதும் வைத்தியத்தில் ஒரு வகைதானே. தமிழக முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறச் சொல்லிப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். நல்லது. அவருடைய அரசே காப்புக்காட்டின் ஒரு கிலோமீட்டரை உருவியபோது யாரிடம் கருத்துக் கேட்டார்கள் என்று மலைக்காரனுக்கு மட்டும் நினைவிருக்கிறது.

இவர்கள் பேசுகிற மீட்புக்கும் எங்கள் மீட்புக்கும் உள்ள பிணக்கு இவ்வளவுதான். குளம் வெட்ட ஆள் வேண்டுமென்றால் நாங்கள் 'சமூகம்'. குளத்தை மூடவேண்டுமென்றால் நாங்கள் 'ஆக்கிரமிப்பாளர்'. கன்று நட்டால் 'தன்னார்வலர்'. லாரியை மறித்தால் பெயரில்லை, வழக்கு எண்தான். தேசத்துக்கு எங்கள் மணலிலுள்ள தோரியம் வேண்டும், கேரளத்துக்கு மலை வேண்டும், குத்தகைக்காரனுக்கு லாபம் வேண்டும். எங்களிடம் எல்லோருக்கும் வேண்டிய ஒன்று இருக்கிறது, நாங்கள் சொல்வது மட்டும் யாருக்கும் வேண்டாம். இதற்குப் பங்கேற்பு என்று பெயர் வைத்தவன் பெரிய கவிஞன்.

இத்தனைக்கும் இந்த மாவட்டத்தில் கிராமசபை கூட்டி ஒரு தீர்மானம் போடலாம் என்றால், அங்கேயும் ஒரு பூட்டு. மார்த்தாண்டம் குழித்துறை நகராட்சிக்குள் வருகிறது. நகராட்சியில் கிராமசபை கிடையாது. சுற்றிலும் பேரூராட்சிகள், மாவட்டம் முழுக்க ஐம்பது சொச்சம் இருக்கும், அங்கும் கிடையாது. வாழையும் மரச்சீனியும் விளைகிற ஊர்களை நகரம் என்று கணக்கில் ஏற்றிவைத்திருப்பதன் வசதி இப்போது புரிகிறதா? சபை உள்ள ஊராட்சிகள் மிச்சம். 2022க்குப் பிறகு தமிழ்நாட்டில் கிராமசபை வருடத்துக்கு ஆறு முறை. அதில் ஒன்று உலகத் தண்ணீர் நாள், மார்ச் 22. இன்னொன்று உள்ளாட்சி நாள் என்று நவம்பர் 1. குமரி தமிழகத்தோடு சேர்ந்த அதே தேதி.

நவம்பர் 1க்கு எல்லையோர ஊராட்சிகளில் சபைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உள்ளே நுழைந்ததும் ஒரு நோட்டை நீட்டுவார்கள். வருகைப் பதிவு, சும்மா ஒரு கையெழுத்து என்பார்கள். அதற்கு முந்திய பக்கத்தில் தீர்மானம் எழுதியிருக்கிறதா, வெறுமையாக இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். வெறுமையாக இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். குவாரி கூடாது, மணல் எடுக்கக்கூடாது, குப்பை வண்டிக்குப் பொறுப்பு யார் என்று எழுதுங்கள், நெய்யாற்றுத் தண்ணீர் எங்கே என்று எழுதுங்கள். செயலர் எழுத மறுத்தால், அவர் மறுத்ததையும் எழுதச் சொல்லுங்கள். அதையும் மறுத்தால் கைப்பேசியில் படமெடுங்கள். சாயா ஆறினாலும் பரவாயில்லை, கடைசிப் பக்கத்தின் நகலை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.